இருமலின் வேர்

டாமரிஸ் இருமி நான்கு நாள் ஆகிவிட்டது.

முன்னறையில் தபால் ஆபீஸும் பின்னறையில் குடித்தனமுமாக வாழ்கிறவனுக்குக் காது இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஒன்பது வருடமாக ஏமஸ் கிரீன்வுட் ஒவ்வொரு முத்திரையையும் குத்தும்போது கதவுக்கு அந்தப்பக்கம் மனைவி இருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் குத்தினான். முதலில் வறட்டு இருமல் இரண்டு, பிறகு நெஞ்சைப் பிய்த்தெடுக்கிற மாதிரி நீளமாக ஒன்று, பிறகு சட்டியில் துப்பும் சத்தம், கடைசியில் அவள் சாய்ந்துகொள்ளும்போது நாற்காலி முனகுவது. எரிச்சலாக இருக்கும். எரிச்சல்பட்டதற்கு வெட்கமாகவும் இருக்கும். இப்போது கெட்டில் கொதிப்பது கேட்டது, ஆற்றங்கரைக் கம்பளி ஆலையில் தறிகள் தடதடப்பது கேட்டது, ஈரக் கம்பளி நாற்றமும் கரிப்புகையும் வழக்கம்போலக் கதவிடுக்கில் நுழைந்தன. அவள் சத்தம் மட்டும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஏனோ சந்தோஷம் வரவில்லை.

மருந்தை வரவழைத்தவனே அவன்தான். பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு விளம்பரம்: டாக்டர் மார்வெனின் நெஞ்சு மருந்து, இருமலை அடக்குவதல்ல, இருமலின் வேரையே அறுப்பது. எழுதிக் கேட்டதற்கு, குப்பிக்கு முன்னால் ஓர் அச்சடித்த தாள் வந்தது. "என் வீட்டில் இருமல் வேரோடு போயிற்று, இனி ஒருநாளும் திரும்பாது, இதைப் படிப்பவர்களும் வாங்கிப் பயன்பெறுக" என்று அதில் தயாராக எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மூன்று குப்பி இலவசம். குணமாவதற்கு முன்னாலேயே குணமானதாக எழுதிக் கொடுப்பது அப்படியொன்றும் புதிதில்லை, எல்லாக் கம்பெனியும் வாங்குவதுதான். அன்று டாமரிஸின் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. ஏமஸ் இரண்டாம் முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டான், கீழே 'போஸ்ட்மாஸ்டர்' என்றும் சேர்த்தான்.

ஐந்தாம் நாள் காலை தராசைத் துடைக்க அவள் முன்னறைக்கு வந்தாள். கடிதம் நிறுக்கும் பித்தளைத் தராசு அது. அதைத் துடைப்பது எப்போதும் அவள் வேலை. தட்டின்மேல் வாயை வைத்து 'ஹா' என்று ஊதுவாள், பித்தளை மங்கும், துணியால் தேய்ப்பாள். அன்றும் வாயைத் திறந்தாள். குனிந்தாள். ஊதினாள்.

பித்தளை மங்கவில்லை.

இன்னொரு தடவை ஊதினாள். தட்டு பளபளவென்று இருந்தது. அதில் அவள் வாயின் நிழல் கறுப்பாகத் தெரிந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, வறண்ட துணியால் வறண்ட பித்தளையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டாமரிஸ், உடம்பு எப்படியிருக்கு?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க."

"டாக்டரை ஒருதரம் வரச்சொல்லட்டுமா?"

"இருமினப்பல்லாம் கூப்பிடல. நின்னதுக்கப்புறம் கூப்பிடுறாராம்." அவள் சிரித்தாள். முன்பெல்லாம் அவள் சிரித்தால் சிரிப்பு இருமலில் போய் முடியும். இது எதிலும் முடியாமல், தறியில் நூல் அறுந்த மாதிரி, பட்டென்று நின்றது.

அன்றிரவு அவன் தன் புறங்கையை அவள் மூக்கருகே கொண்டுபோய் நூறுவரை எண்ணினான். காற்று படவில்லை. எண்ணி முடித்தபோது அவள் கண்ணைத் திறக்காமலே, "கை வலிக்கலையா உங்களுக்கு?" என்றாள்.

மிச்சமிருந்த குப்பிகளைச் சாக்கடையில் ஊற்றினான். ஒரு வாரம் மருந்தில்லாமல் இருந்தாள். ஒரு மாற்றமும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், ரொட்டியில் கொழுப்பு தடவி அவன் முன்னால் வைத்தாள். இருமிவிடுடி, ஒரே ஒரு தடவை இருமிவிடு என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான். ஒன்பது வருடம் எது நின்றால் போதும் என்று வேண்டினானோ, அதையே வேண்டிக் கெஞ்சினான்.

கம்பெனிக்கு எழுதினான். மரியாதையாகத்தான் எழுதினான். பதில் வந்தது: "தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். தாங்கள் எழுதிய அறிகுறிகள் நல்ல அறிகுறிகளே. தொடர்ந்து ஆறு குப்பி உட்கொள்ளவும்." அச்சடித்த தாள். மூலையில் சின்னதாக 14 என்று படிவ எண். பெயருக்கு விட்டிருந்த இடத்தில் மட்டும் யாரோ மையால் எழுதியிருந்தார்கள்.

மறுபடி எழுதினான், இந்தத் தடவை கோபமாக. நல்ல அறிகுறி என்று நான் எதையும் சொல்லவேயில்லையே, கடிதத்தை யாராவது படிக்கிறீர்களா இல்லையா என்று கேட்டான். மறுபடி 14. மூன்றாவது தடவை ஒரே வரி எழுதினான்: என் மனைவி மூச்சு விடவில்லை, இதை எப்படி மாற்றுவது? எந்த ஊர்க் குமாஸ்தாவும் இதைப் படித்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பான் என்று நம்பினான். ஆறு நாள் காத்திருந்தான். அந்த ஆறு நாளும் தபால் மூட்டை வந்ததும் தானே தரையில் கொட்டித் துழாவினான்.

14. அதே மகிழ்ச்சி. அதே ஆறு குப்பி. அடியில் மட்டும் பேனாவால், அழகான கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "வீட்டில் வேறு யாரேனும் இருமுகிறார்களா?"

தாளைக் கசக்கி அடுப்பில் போட்டான். அந்தக் கம்பெனியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டி என்ன பயன்? தெருப்பெயரும் கதவு எண்ணும் தவிர அவனுக்கு அந்தக் கம்பெனியில் ஒரு முகம்கூடத் தெரியாது.

அந்த மூட்டையிலேயே பார்சல்கள் இருந்தன. பதினோரு பார்சல், பழுப்புத் தாள், மூலையில் மார்வெனின் முத்திரை. பதினொன்றும் இதே ஊருக்கு. கம்பளித் தூசியைத் தின்றே வளர்ந்த ஊர் அது, இருமாத வீடே கிடையாது.

முதல் பார்சலுக்கு ஜேபஸ் அட்லி வந்தான். தறிக்காரன், ஏமஸின் பள்ளிக்கூடத் தோழன், வாசலிலேயே நின்று ஒரு பாட்டம் இருமிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"என்ன போஸ்ட்மாஸ்டரே, பத்திரிகையில பேரெல்லாம் வருது. பெரிய மனுஷன் ஆயிட்டே."

"ஜேபஸ், இதை வாங்காதே. திருப்பி அனுப்பிடு."

"ஏன்?"

"சொன்னாக் கேளு. டாமரிஸுக்கு இது ஒத்துக்கல."

ஜேபஸ் சட்டைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜையில் விரித்தான். மார்வென் விளம்பரத்தின் அடியில் ஏமஸின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. "ஒத்துக்கலையா? நேத்துகூட மேட்டுல தண்ணி வாளியோட விறுவிறுன்னு ஏறிப் போனாளே, நான் பாதி வழியில உக்காந்துட்டேன். என் பொண்ணு நான்சி ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல ஏமஸ். உன் வீட்டுல ஒருத்தி பிழைச்சாப் போதுமா? மத்தவன் வீடு எக்கேடு கெட்டா என்ன, அப்படித்தானே?"

"அப்படி இல்லடா."

"அப்ப பார்சலைக் குடு. என் பேர் போட்டிருக்கு. சட்டம் எனக்கும் தெரியும்."

சட்டம் ஏமஸுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். பிறர் பெயருக்கு வந்த தபாலைப் பிடித்து வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து உட்கார்ந்த நாற்காலி அது. அவள் மூச்சு விடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து டாமரிஸ் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, டீ போடட்டுமா? நான்சி எப்படியிருக்கா?" என்றாள். கன்னம்கூடச் சிவந்திருந்தது. ஜேபஸ் அவளைப் பார்த்தான், பிறகு ஏமஸைப் பார்த்தான். இப்படிப்பட்டவனா நீ என்று கேட்கிற பார்வை.

ஏமஸ் பார்சலைக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் பதினொன்றையும் தன் கையாலேயே கொடுத்தான். அடுத்த வாரம் முப்பத்திரண்டு வந்தன. அதற்கடுத்த வாரம் அவன் எண்ணவில்லை.

ஊர் அடங்கத் தொடங்கியது. முதலில் எதிர்வீடு. பிறகு மேட்டு வீடுகள். ஆலை விட்டு ஆட்கள் கல்தெருவில் இறங்கும்போது மரச்செருப்புகளின் சத்தத்துக்கு நடுவே இருமல்களும் உருண்டு வரும், அவன் பிறந்ததிலிருந்து கேட்டது. இப்போது மரச்செருப்பு மட்டும்.

பனி விழுந்த சனிக்கிழமை அவன் தொண்டை கரகரத்தது. முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, வாயைக் கையால் பொத்தி, ஒரே ஒரு தடவை மெல்ல இருமினான். பின்னறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"இருமினீங்களா?"

"இல்லையே."

"கேட்ட மாதிரி இருந்துது," என்றாள் டாமரிஸ். கதவிடுக்கில் நின்று வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிரியமாகத்தான் பார்த்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை ஜெபக்கூடத்துக்குப் போனார்கள். போதகர் ஊர்ப்பேச்சை நம்பாத மனுஷன், படித்தவர், ஆராதனை முடிந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று ஏமஸ் முடிவு செய்திருந்தான். கூடம் நிரம்பி வழிந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது, ஒருவரும் அதைப் பற்றிக் குறைசொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருந்தது, பெஞ்சு மரம் முழங்காலைச் சுடுகிற அளவுக்குக் குளிர்ந்தது, மெழுகும் நனைந்த கோட்டும் சேர்ந்த பழைய வாசனையின் அடியில் இன்னொரு வாசனை, தித்திப்பாக, சோம்பு மாதிரி. அவன் சாக்கடையில் ஊற்றியபோது வந்த வாசனை.

எல்லாரும் எழுந்து பாடினார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக அந்தக் கூடம் பாடியதில்லை. முன்பெல்லாம் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஊரே இருமி முடிக்கும். இன்று இடைவெளியே இல்லை. அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. யாரும் மூச்செடுக்க நிற்கவில்லை.

ஏமஸின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி மேலே போனது.

முன்பெஞ்சைப் பார்த்தான். ஜேபஸின் வாய் அகலத் திறந்திருந்தது. ஆவி இல்லை. பக்கத்தில் நான்சி. இல்லை. மாடியில் நின்ற பெண்கள், வரிசையாக, வாய் திறந்து, மூடி, திறந்து. இல்லை. பிரசங்க மேடையைப் பார்த்தான். போதகர் இரண்டு கையும் விரித்து, கண்ணை மூடி, உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

இல்லை.

ஏமஸ் வாயை மூடினான். மூச்சைப் பிடித்தான். தொண்டை அரித்தது. விழுங்கினான். அரித்தது. கண்ணில் நீர் வந்தது. இன்னும் ஓர் அடி. ஒரே ஓர் அடி பாடி முடித்தால் எல்லாரும் உட்காருவார்கள்.

இருமினான்.

பாட்டு நின்றது. கோபமில்லை யாருக்கும். முந்நூறு பேரும் மெல்லத் திரும்பி, காய்ச்சல் குழந்தையைப் பார்ப்பது போல, இரக்கத்தோடு பார்த்தார்கள். நான்சி பெஞ்சின்மேல் ஏறி நின்று தன் கோட்டுப் பையிலிருந்து பழுப்புக் குப்பியை எடுத்து நீட்டினாள். ஜேபஸ் எட்டி ஏமஸின் தோளைப் பிடித்தான். நண்பன் பிடிக்கிற பிடிதான், ஆனால் விடவில்லை.

டாமரிஸ் கையுறையைக் கழற்றினாள். நான்சியிடமிருந்து குப்பியை வாங்கித் தக்கையைத் திருகினாள்.

"வாயைத் திறங்க," என்றாள். "இனிமே கஷ்டமே இருக்காது."

அவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரே ஆவி கூடத்தின் நடுவில் மெல்ல மேலே ஏறியது. முந்நூறு முகங்களும் நிமிர்ந்து, அது கலையும்வரை பார்த்துக்கொண்டு நின்றன.