அண்ணன் போட்ட மென்னீரி

காலை ஐந்து மணி பத்து நிமிடம். மூவரும் இரவு முழுவதும் விட்ட மூச்சை வீடு உறிஞ்சி, குளிர வைத்து, குடத்தில் இறக்கியது. முக்கால் லிட்டர். அல்லி அதில் காபி போட்டாள்.

செவ்வாயில், பொதிகைக் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் நாள் இப்படித்தான் தொடங்கும்.

கணவன் குலோத்துங்கன் குடித்தான். அவளுடைய அண்ணன் துரைக்கண்ணு டம்ளரைத் தொடவில்லை.

"எனக்கு வேணாம் அல்லி. நாக்கு ஈரமாத்தான் இருக்கு."

"மச்சான் குளிச்சுப் பதினோரு நாளாச்சு," என்றான் குலோத்துங்கன். "கதவு தெறக்கும் முன்னாடியே ஆளு வந்துட்டது தெரிஞ்சுடுது."

துரைக்கண்ணு சிரித்தான். டம்ளரைத் தங்கையின் பக்கம் நகர்த்தினான்.

வீட்டுக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூறு லிட்டர். தாண்டினால் முதல் மாதம் எச்சரிக்கை. இரண்டாம் மாதம் இரட்டைக் கட்டணம். மூன்றாம் மாதமும் தாண்டினால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் உறைதுயிலுக்குப் போக வேண்டும். பனிக்கு அடியில், பெட்டிக்குள், நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. மூன்று ஆண்டுகள். யார் போவது என்று வீடே முடிவு செய்யும். மற்றவர்களின் கட்டைவிரல் ரேகை போதும். எழுந்து வந்தவர்கள் உண்டு. வராதவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அன்று மூன்றாம் மாதத்தின் கடைசி நாள். கணவன், மனைவி, வந்து தங்கியவன். யார் போவது என்று ஒருவரும் பேசவில்லை. துரைக்கண்ணுவுக்குத் தெரியும். அவன் குளிப்பதை நிறுத்தியிருந்தான். துணி துவைப்பதை நிறுத்தியிருந்தான். நாளுக்கு நூற்று இருபது லிட்டர் நூற்றுப் பதினைந்தானது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

இருவரும் வேலைக்குப் போனதும் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு நீரளவியின் முன் உட்கார்ந்தான். முள் அசையவில்லை. இரண்டு மணிக்கு ஓடத் தொடங்கியது.

குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்தான். சுவரில் காதை வைத்தான். சத்தம் சமையலறை மூலையிலிருந்து வந்தது. மென்னீரி.

செவ்வாயின் நிலத்தடி நீரில் சுண்ணாம்பு அதிகம். சோப்பு நுரைக்காது. கொதிகலனில் கல் பிடிக்கும். விருந்தாளிகள் டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்த வீட்டைப் பற்றி ஒரு வாரம் பேச்சு. அதனால், நான்கு மாதங்களுக்கு முன் தங்கை புதுவீடு புகுந்தபோது, துரைக்கண்ணு ஓராண்டுச் சம்பளத்தில், சுண்ணாம்பை உறிஞ்சித் தண்ணீரை மென்மையாக்கும் மென்னீரி வாங்கிச் சீர் போட்டான். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் முழங்க, மாலை போட்டு, பொது வராந்தா முழுக்க எல்லாரும் பார்க்கக் கொண்டுவந்தான். தண்ணீர்ச் செலவு பாதியாகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். சோப்புச் செலவு குறைந்தது உண்மை.

இப்போது அது தன்னுள் சேர்ந்த சுண்ணாம்பை உப்புநீரால் கழுவிக்கொண்டிருந்தது. யாரும் ஒரு சொட்டுகூடப் புழங்காத நாளிலும் கழுவும். தினமும் முப்பது லிட்டர். அந்த உப்புக் கழிவு, மீட்பு நிலையத்துக்கு ஆகாது; மண்ணுக்குப் போகும்.

துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

மாலையில் இருவரும் திரும்பிய பிறகு நீர்க்காவலன் வந்தது. அலமாரி உயர இயந்திரம். மார்பில் ரேகைத் தட்டு.

"மூணு பேருக்கும் தண்ணி போதும் அல்லி!" என்றான் துரைக்கண்ணு, மென்னீரியைக் காட்டி. "திருடன் இதுதான். கேட்டுப் பாரு."

நீர்க்காவலன் மென்னீரியைச் சோதித்தது. "உண்மை. இதை நான் இப்போதே எடுத்துச் சென்றால் வழக்கு முடிந்தது. இல்லையென்றால் உங்களில் ஒருவர். வீட்டார் முடிவு."

துரைக்கண்ணு சிரித்தான். உடன் யாரும் சிரிக்கவில்லை.

அல்லி மென்னீரியைப் பார்த்தாள். அதில் சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது.

"எடுத்துட்டுப் போறதுன்னா வராந்தா வழியாவா?" என்றாள்.

"வேறு வழி இல்லை," என்றது நீர்க்காவலன்.

"அண்ணன் போட்ட சீரை வெளிய அனுப்பிட்டாங்கன்னு பேசுவாங்கண்ணே. உனக்கும் எனக்கும் ஆகலைன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே."

"உனக்குத்தாண்ணே அசிங்கம்."

"கொதிகலன்ல கல்லு பிடிச்சா அது வேற செலவு, மச்சான்," என்றான் குலோத்துங்கன். அவன் குரலில் கேலி இல்லை. "உறைதுயில் இப்ப எல்லா வீட்லயும் இருக்கறதுதானே. எங்க ஆபீஸ்ல மட்டும் நாலு பேரு போயிருக்காங்க. கண்ணை மூடித் தெறக்கற மாதிரிதானாம்."

"யாரு சொன்னா?"

குலோத்துங்கன் யோசித்தான்.

"சொல்லிக்கறாங்க," என்றான்.

அவன் எழுந்து தட்டில் கட்டைவிரலை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி வந்து மச்சானின் தோளில் கையை வைத்தான். கையை எடுக்கவில்லை.

நீர்க்காவலன் அல்லியிடம் நகர்ந்தது. அவள் முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு முதுகு காட்டி நின்றாள். தட்டு அவனுக்குத் தெரியவில்லை. விளக்கும் தெரியவில்லை.

துரைக்கண்ணு எழப் பார்த்தான். தோளில் இருந்த கை கனத்தது.

"அல்லி, நீ இன்னும் வைக்கலைல்ல?"