மூலைக்கு ஒதுங்கிய மீன்கள்

கணவர் கம் சோயை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து மீன்தொட்டியில் சண்டையே இல்லை.

மூன்றாம் நாள் மாலைதான் சியூ ஃபோங் அதைக் கவனித்தாள். ஈப்போ நகரத்து மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஏழடி நீளத் தொட்டி. உள்ளே பதினொரு பெரிய சிக்லிட் மீன்கள். குறைவாக வளர்த்தால் ஏதாவது ஒன்றைக் குறிவைத்துக் கொன்றுவிடும், கூட்டமாக விட்டால் கோபம் எல்லாவற்றின் மேலும் பிரிந்துபோகும் என்பது அவள் கணவரின் கணக்கு. அப்படியும் வாலைக் கடிப்பதும் கண்ணாடியில் மோதுவதும் பொழுதுக்கும் ஓயாது. அந்த மோதல் சத்தத்தில்தான் அவள் பதினெட்டு வருடம் சமைத்தாள், தூங்கினாள்.

இப்போது பதினொன்றும் இடது மூலையில், செதிலோடு செதில் உரச, துடுப்புகளை மடக்கிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தன.

மீன்கடை வைத்திருக்கும் லோக் வந்து பார்த்தான். கணவரின் சிநேகிதன். பெரிய நெற்றி புடைத்த லோஹான் மீனைக் காட்டி, "இந்த ரவுடிகூட துக்கம் காக்குது பாருங்க அண்ணி" என்று சிரித்தான். தண்ணீரைச் சோதித்தான். குறையில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

"இதுங்க ஒண்ணே ஒண்ணுக்குத்தான் அடங்கும். தங்களைவிடப் பெருசா ஏதாவது உள்ள வந்திருக்கணும்."

பெட்டி வீட்டில் இருந்தபோது தொட்டியை மூடினீர்களா என்று கேட்டான். சவப்பெட்டி எதிலாவது பிரதிபலித்தால் வீட்டில் இன்னொரு சாவு விழுமென்று கண்ணாடிகளையும் டிவியையும் உறவுக்காரர்கள் மூடியிருந்தார்கள். தொட்டிமேல் போட்ட துணியை மட்டும் அவள் உருவிப்போட்டிருந்தாள். மூன்று நாளும் கம் சோய் அந்தக் கண்ணாடியில், மீன்களுக்கு நடுவில் படுத்திருந்தார். யாரும் தோளைப் பிடித்து இழுக்காமல் அவரைப் பார்க்க அது ஒன்றுதான் இடம்.

"ஏன் அண்ணி அப்படிச் செஞ்சீங்க?"

"அவர் அதுங்களைப் பார்க்காம போகமாட்டாரே, லோக்."

காலையில் ஆள்களோடு வந்து மீன்களை எடுத்துக்கொள்வதாகவும் தொட்டியை உடைத்துவிடலாம் என்றும் அவன் சொன்னான். அவள் தலையசைத்து மறுத்தாள். சட்டைகளைக் கொடுத்தாயிற்று, கட்டிலை அவள் தம்பி கொண்டுபோய்விட்டான். இதையும் கொடுத்தால் அவர் இந்த வீட்டில் வாழ்ந்ததற்கு என்ன இருக்கும்? லோக் வாசலில் குடையை விரித்தான். போய்விட்டான்.

மழை வலுத்தது. ஈரமண் வாசனையோடு, அவர் கழுத்தில் தடவிக்கொள்ளும் பச்சைத் தைலத்தின் வாசனையும் வந்தது. எங்கோ சொட்டும் சத்தம் கேட்டு, ஒழுகுவது கூரைதான் என்று வாளியோடு வந்தவள், தொட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் பரவுவதைக் கண்டு நின்றாள். அவள் தண்ணீர் ஊற்றவில்லை. நேற்று ஒரு சாண் கீழேதான் இருந்தது.

தொட்டியின் அடியில், வலது பக்கம் சரளைக்கற்களில் ஒரு பள்ளம். சிக்லிட்டுகள் பள்ளம் பறிக்கும்தான். ஆனால் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.

நீளமான பள்ளம். தோள் இருக்கும் இடத்தில் ஆழம். இடுப்பில் சரிவு. மடக்கிய முழங்கால்கள். ஒருக்களித்து, சுவர்ப் பக்கம் திரும்பி.

அவர் அப்படித்தான் தூங்குவார்.

அவள் மண்டியிட்டாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு.

"குளிருதா?" என்று கேட்டாள்.

பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல் நகர்ந்தது. இன்னொன்று. மீன்கள் மூலையை விட்டு அசையவில்லை. கற்கள் ஒவ்வொன்றாக, பொறுமையாக, கட்டிலில் அவள் பக்கம் கிடக்கும் செய்தித்தாள்களை அவள் படுப்பதற்காக அவர் எடுத்துவைப்பதுபோல, விலகிக்கொண்டே இருந்தன. இரண்டாவது பள்ளம். சின்னது. ஒடுக்கமானது. அவள் உயரம்.

மேலே தொட்டியின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.