லாஞ்சின் பெயர் யசோதரா

காசிமேட்டில் யசோதரா என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குக் காத்திருந்தாள். இன்னொருத்தி ஐம்பது அடி நீளம். மரத்தால் ஆனவள். டீசல் குடிப்பாள்.

முதல் யசோதரா பொன்ராஜின் மகள். இரண்டாவது யசோதரா அவருடைய விசைப்படகு. துறைமுகத்தில் அதை லாஞ்ச் என்றோ போட்டு என்றோதான் சொல்வார்கள். அதன் முகப்பில் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தில், ஆளுயர எழுத்தில், யசோதராவின் பெயர் இருந்தது.

கடலுக்குள் போனால் மற்ற லாஞ்சுக்காரர்கள் வயர்லெஸ்ஸில், "யசோதரா, யசோதரா, எங்க கீற?" என்று கூப்பிடுவார்கள். கரையில் கூடையோடு நிற்கும் பெண்கள், "யசோதரா வந்துச்சா?" என்று விசாரிப்பார்கள். ஒரு துறைமுகமே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை, அவள் வகுப்பில் வேறு யாராவது உண்டா? யசோதராவுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

இப்போது அந்தக் கர்வத்துக்கு ஓர் ஆபத்து வந்திருந்தது. அந்த ஆபத்துக்கு வயது மூன்று மாதம். பெயர் மாயா. தொட்டிலில் படுத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் சிரித்தது.

பொன்ராஜ் வீட்டில் ஒரு வழக்கம். வீட்டில் கடைசியாகப் பிறந்த பெண்பிள்ளையின் பெயரைத்தான் லாஞ்சுக்கு வைப்பார்கள். சின்னப் பிள்ளையின் பெயரைச் சுமந்துகொண்டு போகிற லாஞ்ச், அவளைப் பார்க்கப் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. லாஞ்சைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற மாதங்கள் அவை. ஒருநாள் சாப்பிடும்போது பொன்ராஜ் பேச்சை எடுத்தார்.

"இந்த தபா போட்டு பேர மாத்திடணும்."

யசோதராவின் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

"நைனா! மாயாவுக்குப் படிக்கவே தெரியாது. அவ பேர எழுதி இன்னா பிரயோஜனம்?"

"நீ பொறந்தப்போ பேப்பர் படிச்சிகினா பொறந்த?" என்றார் பொன்ராஜ்.

அம்மா மலர் சிரித்துவிட்டாள். யசோதரா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் அவள் தொட்டில் பக்கமே போகவில்லை. மாயா இரண்டு முறை அழுதபோதும், "எனக்குக் காது கேக்கல" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் நேராகப் போய் பெயின்டர் பிராங்கிளினைப் பிடித்தாள். துறைமுகத்தில் பாதி லாஞ்சுகளுக்குப் பெயர் எழுதுகிறவர் அவர். அவருடைய சட்டையைப் பார்த்தால் எந்த வாரம் எந்த நிறம் அடித்தார் என்று சொல்லிவிடலாம்.

"அங்கிள், என் பேரு அப்படியே இருக்கட்டும். பின்னாடி மூலைல குட்டியா மாயான்னு எழுதிடுங்க."

"போட்டுக்கு ரெண்டு பேரா? வயர்லெஸ்ல கூப்பிடறவன் எதச் சொல்லிக் கூப்புடுவான்? பேஜாரா பூடும் கண்ணு."

"அப்ப இந்த வருஷம் உங்களுக்கு ஜுரம்னு சொல்லிடுங்களேன்."

"ஜுரம் வந்தா உங்க நைனா இன்னொரு பெயின்டர இட்டாந்துருவாரு. எனக்கு வேலையும் பூடும், ஜுரமும் மிச்சம்!" என்றார் பிராங்கிளின்.

யசோதராவுக்கு வேறு வழி தெரியவில்லை. முகப்புப் பலகையில் ஓரிடம் உளுத்துப்போயிருந்தது. அதைச் சரிபார்க்க வேண்டும் என்றால் பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்டியாக வேண்டும். ஆட்கள் சுரண்டுவதற்கு இரும்புத் தகடுகளை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவள் குறுக்கே போய் நின்றாள்.

"என் பேர வேற யாரும் தொடக்கூடாது. நானே சொரண்டறேன்."

பொன்ராஜ் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் ஏறி நின்றால்தான் அவளுக்கு எழுத்து எட்டும்.

அவள் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். 'ரா' கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. மஞ்சள் துகள் மூக்கிலும் முடியிலும் ஒட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தூசு விழுந்துவிட்டது என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

மஞ்சளுக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. வெறும் சிவப்பு இல்லை. வளைந்து, சுழித்து, ஓர் எழுத்து மாதிரி இருந்தது. யசோதரா வேகமாகச் சுரண்டினாள்.

'ஸ்ரீ' என்று இருந்தது.

"அங்கிள்! இங்க வேற யாரோ பேரு கீது!"

பிராங்கிளின் எட்டிப் பார்த்தார். "வேற யாரு? ஜெயஸ்ரீ. உங்க அத்த."

ஜெயஸ்ரீ பொன்ராஜின் தங்கை. டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. யசோதராவுக்குத் தலை பின்னிவிடுகிறவள், வீட்டுப்பாடம் பார்க்கிறவள், கடைசித் துண்டு வஞ்சிரத்தை யாருக்கும் தெரியாமல் அவள் தட்டில் வைக்கிறவள்.

"அத்த பேரா? எப்போ?"

"இந்த போட்டு வாங்கும்போது உங்க அத்தைக்கு எட்டு வயசு. பத்து வருஷம் ஜெயஸ்ரீதான் இது. அப்பால நீ பொறந்துட்ட."

"அத்த சண்ட போடலையா?"

"சண்டையா? நான் உன் பேர எழுத வந்தேன். பிரஷ்ஷக் கைலேர்ந்து புடுங்கிக்கிச்சு. 'எங்க பாப்பா பேர மொதல்ல நான்தான் எழுதுவேன்'னு ஒரே அடம். 'ய' அது எழுதினதுதான். வருஷா வருஷம் நான் அதுமேலயே தடவிகினு வந்தேன்."

யசோதரா பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை வருடங்களில் அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எத்தனை முறை அவள் அத்தையிடமே, "என் போட்டு, என் பேரு" என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள்! அத்தையும், "ஆமாண்டி, உன் போட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே தலை பின்னிவிட்டிருக்கிறாள். யசோதராவுக்கு வெட்கமாக இருந்தது. அத்தைமேல் பொங்கிக்கொண்டு அன்பு வந்தது. இப்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அத்தை இந்நேரம் டோல்கேட்டில் யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருப்பாள்.

அவள் எழுந்து மீதி மூன்று எழுத்துகளையும் சுரண்டி முடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அங்கிள், எழுதறப்போ பிரஷ் எனக்கு."

"உங்க வூட்ல எனக்கு எழுதற வேலையே குடுக்க மாட்டீங்களா?" என்றார் பிராங்கிளின். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

பத்து நாள் கழித்து, புதுப் பலகை போட்டு, புது நீலம் காய்ந்த பிறகு, அவள் 'மா' எழுதினாள். அதன் துணைக்கால் கொஞ்சம் நீண்டுவிட்டது. மஞ்சள் பெயின்ட் அவள் முழங்கைவரை வழிந்தது. பிராங்கிளின் 'யா'வை அழகாக எழுதி முடித்தார். பொன்ராஜ் தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணிலும் தூசு விழுந்திருக்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்து லாஞ்ச் கடலுக்குப் போனது. நான்காம் நாள் காலை அது திரும்புகிற நேரம். யசோதராவும் அத்தையும் கரையில் காத்திருந்தார்கள். மாயா யசோதராவின் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

கூடைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். "இன்னாம்மா, மாயா வந்துச்சா?"

யசோதராவுக்குச் சுருக்கென்றது. அவள் சட்டென்று அத்தையைப் பார்த்தாள்.

"அத்த, மொத மொத என் பேரச் சொல்லிக் கேட்டப்போ உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

ஜெயஸ்ரீக்குப் புரிந்துவிட்டது. "ம். அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் உன்னத் தூக்கி என் கைல குடுத்துட்டாங்க. கைல நீ இருந்தா நான் எங்கேர்ந்து அழறது? நீ அழறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு."

யசோதரா சிரித்தாள். பிறகு ஒரு கையால் மாயாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தாங்க்ஸ் அத்த."

"எதுக்குடி?"

"போட்டுக்கு."

"அடிப்பாவி! பத்து வருஷம் கழிச்சா சொல்லுவ?" அத்தை அவள் பின்னலைப் பிடித்துச் செல்லமாக இழுத்தாள்.

"எனக்கு இப்பத்தானே தெரிஞ்சுது!"

அலைதடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு நீல லாஞ்ச் உள்ளே வந்தது. காலை வெயிலில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. யசோதரா மாயாவை உயரத் தூக்கிக் காட்டினாள். "அதோ பாரு, உன் போட்டு!"

மாயா படகைப் பார்க்கவில்லை. அக்காவின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

சரி, இவளும் தாங்க்ஸ் சொல்ல எப்படியும் பத்து வருடம் ஆகும். ஆகட்டுமே, நமக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டாள் யசோதரா.