செவ்வானத்தில் ஊற்றிய பயம்

கோத்தகிரி மலைப்பாதையின் முதல் வளைவில் திரும்பும்போதே நிறைமதிக்கு உள்ளங்கை வேர்த்தது. மழைக் குளிரில் கை ஏன் வேர்க்க வேண்டும்? காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தாள். பயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பயந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவளுடையது நீலவேணி கார். ஓட்டுநர் இருக்கையின் தலைசாய்மானத்துக்குள் ஓர் அச்சவாங்கி உண்டு. இறங்கிய பின்னும் திரும்பாதபடி ஓட்டுபவரின் பயத்தை உறிஞ்சி, இருக்கைக்கு அடியிலுள்ள குடுவையில் சேர்த்துவிடும். பதறுகிற கைதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லி விற்றார்கள், ஊரே வாங்கியது. சர்வீஸுக்கு விட்டால் குடுவையைக் காலி செய்து தருவார்கள். வடித்த பயத்தை வீணாக்குவதில்லை. அதே முதலாளிக்குச் செவ்வானம் என்று இன்னொரு கம்பெனி, கண்மண் தெரியாமல் பறக்கும் இளவட்டங்களுக்காக. அந்தக் கார்களில் அச்சமூட்டி இருக்கும். இங்கே வடித்ததை அங்கே ஊற்றுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வியாபாரம்.

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் நீலவேணி சர்வீஸ் நிலையத்தை மூடிவிட்டு, எல்லோரையும் செவ்வானத்துக்குப் போகச் சொன்னார்கள். இன்று காலை நிறைமதி சந்தேகத்தோடுதான் போனாள்.

"எங்க வண்டி உங்களுக்குப் பழக்கமுங்களா?"

"ரெண்டும் ஒரே அம்மா வயித்துப் பிள்ளைங்கதானுங்க மேடம். நட்டு, போல்ட்டு, குழாய், எல்லாம் ஒண்ணேதான்" என்றார் மேற்பார்வையாளர் சென்னியப்பன்.

உண்மைதான். குழாயில் பயம் ஓடும் திசை மட்டும்தான் வேறு. கைப்பழக்கத்தில் அங்கே குடுவையை விளிம்புவரை நிரப்பி, அச்சவாங்கியை அச்சமூட்டியாகத் திருப்பி வைத்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

வளைவுக்கு வளைவு நெஞ்சு அடித்துக்கொண்டது. பள்ளம் இவ்வளவு ஆழமா? தடுப்புச் சுவர் எப்போது இடிந்தது? வீட்டுக்கு இன்னும் இரண்டே வளைவு இருக்கும்போது காரை நிறுத்திவிட்டாள். எதிரே சாலையின் குறுக்கே அந்த வெடிப்பு. மகள் துளிரைப் பள்ளிக்கு அழைத்துப் போகையில் தினமும் இதன்மேல்தான் ஏறி இறங்குவாள். "அம்மா, இன்னைக்கு இன்னும் பெருசாயிருச்சு" என்பாள் துளிர். அதைக் கேட்டு நிறைமதியும் கணவன் அருள்வேந்தனும் சிரிப்பார்கள். இப்போது அதற்குள் மழைநீர் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த காய்கறி வேன்காரர் கையசைத்துவிட்டு, அதன்மேலேயே ஏறிப் போனார்.

வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, நான் இங்கயே நின்னுட்டேன். என்னால வர முடியலை."

"வண்டி மக்கர் பண்ணுதா? இரு மதி, வந்து கூட்டிக்கறேன். மழை லீவுல துளிரும் சும்மாதான் இருக்கா."

"வராதீங்க! ரோடு வெடிச்சிருக்கு, மண்ணு சரியுது!"

"தெரியுமே, தினம் பார்க்கறதுதானே?" என்று சிரித்துவிட்டு அவன் போனை வைத்தான்.

அவனுடையதும் நீலவேணி. பயமே இல்லாதவனை எதைச் சொல்லித் தடுப்பது? நிறைமதி இறங்கினாள். திரும்பி ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. மலையோரப் புதரைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே வெடிப்பைத் தாண்டினாள். மேல் வளைவில் அவன் காரின் விளக்கு தெரிந்ததும் நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றாள். முழங்காலில் இடிக்காத குறையாகக் கார் நின்றது. பின்கதவைத் திறந்து மகளை வாரி எடுத்தாள்.

"ஏன் மழையில நனையறே? ஏறு" என்றான் அவன்.

"உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், இறங்குங்க!"

நல்ல மனிதன். ஏன் என்று புரியாவிட்டாலும் இறங்கினான். அப்போதுதான் ஓர் உறுமல் கேட்டது. வெடிப்பு இருந்த இடம் அப்படியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. மலையோரம் மட்டும் ஒரு துண்டுச் சாலை ஒட்டிக்கொண்டிருந்தது.

துளிர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, உங்களுக்கும் பயமா?"

"ஆமாடி கண்ணு."

"எனக்குத் தினமும் பயந்தாம்மா. சொன்னா நீங்க சிரிப்பீங்க."

பின் இருக்கையில் அச்சவாங்கி கிடையாது. நிறைமதிக்கு இப்போது வந்த அழுகை வேறு அழுகை.

போன் அடித்தது. சென்னியப்பன்.

"மேடம், தப்பு நடந்துபோச்சுங்க. எங்க வண்டின்னு நெனச்சு உங்க குடுவையில ஊத்திட்டாங்க. நாளைக்குக் கொண்டாங்க, மொத்தமா உறிஞ்சி எடுத்தர்றோம்."

நிறைமதி நிமிர்ந்து பார்த்தாள். ஒட்டியிருந்த துண்டுச் சாலையை அருள்வேந்தன் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வண்டி போற இடம் இருக்கு மதி" என்றான் சந்தோஷமாக. அவன் காருக்குப் பின்னால் அதற்குள் நீலவேணி வண்டிகள் சேர்ந்து, ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தன.

அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனில் சொன்னாள்: "எனக்கு எடுக்க வேண்டாமுங்க. கிடங்குல இன்னும் இருக்குதுங்களா?"

"பேரல் பேரலா இருக்குதுங்க. எதுக்குங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு வேணும். சீக்கிரம் கொண்டாங்க, அவருக்குப் பின்னாடி ஒரு வரிசையே நிக்குதுங்க."