நாலாவது சக்கரம்

முதல் மூன்று சக்கரத்திலும் வராத சேற்று வாடை நாலாவதில் வந்தது.

அமிர்தலிங்கம் காரின் முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டு மணைப்பலகையில் உட்கார்ந்து, பிரேக்கின் சின்னத் திருகில் பிளாஸ்டிக் டியூபைச் சொருகி மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டிருந்தார். மாஸ்டர் சிலிண்டர் புதுசு, குழாய்கள் புதுசு, பிரேக் ஆயிலும் காலையில் மூடி உடைத்ததுதான். அப்படியிருந்தும், ஐப்பசி மழை விட்ட அந்தச் சாயங்காலத்தில், வாய்க்கால் தூர்வாரும்போது கிளம்புமே, அந்த நாற்றம் ஷெட் முழுக்க நிறைந்திருந்தது.

"அழுத்தும்மா."

திறந்திருந்த கதவுக்குள் டிரைவர் சீட்டில் இருந்த மகள் கலைமகள் பெடலை நாலு தரம் மிதித்து, ஐந்தாவது தரம் மிதித்தபடியே நிறுத்தினாள். "புடிச்சிருக்கேன்ப்பா."

திருகைத் தளர்த்தினால் உள்ளே சிக்கிய காற்று ஆயிலோடு குமிழியாக வெளியே வரும். இறுக்கிவிட்டு "விடு" என்பார். குமிழி நிற்கும்வரை இதே வேலைதான். கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் பெடல் தரைக்குப் போய்விடும், பிரேக் பிடிக்காது.

அது அவருக்குத் தெரியாதா என்ன? போன தையில் இதே வேலை செய்தபோதும் தெரியும். அன்றைக்குப் பெடல் மிதித்தது அவர் மனைவி ராஜாத்தி. மூன்று சக்கரம் முடிந்தபோது கொள்முதல் நிலையத்திலிருந்து போன் வந்தது. நெல் மூட்டைக்கு முறை வந்துவிட்டது, உடனே வாங்க என்றார்கள். அவர் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"இன்னும் ஒரு சக்கரம் இருக்குல்ல?" என்று ராஜாத்தி கேட்டாள்.

"பெடல் கெட்டியாத்தானே இருக்கு? போதும், இறங்கு" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலை கோரையாற்றுத் திருப்பத்தில் கார் அவளோடு தண்ணீருக்குள் போனது. ரோட்டில் நெல் காயப்போட்டிருந்ததால் சறுக்கிவிட்டது என்று ஊரே சொன்னது. அவரும் சொன்னார். காயப்போட்டவன் வந்து காலில் விழுந்து அழுதபோதுகூட வாயைத் திறக்கவில்லை, பாவி மனுஷன்.

ஆற்றிலிருந்து தூக்கிய காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பார்த்தார். அம்மா ஓட்டின கார், நான்தான் ஓட்டுவேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். நாளைக்கு அவள் திருவாரூரில் வேலைக்குச் சேர வேண்டும், இதில்தான் போவாள். அவருக்கு இனி அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

திருகைத் தளர்த்தினார்.

டியூபில் வந்தது ஆயில் இல்லை. கலங்கல் தண்ணீர். அதில் குமிழிகள். ஒவ்வொன்றாக, யாரோ மூச்சு விடுகிற நிதானத்தில் வந்தன.

அவசரமாக இறுக்கினார். "விடு."

"விட்டுட்டேன்ப்பா. ஆனா பெடல் மேல வரல."

"காலை நல்லா எடும்மா."

"எடுத்துட்டேன்ப்பா. பெடல் ஈரமா இருந்துச்சு."

பெடல் எழும் சத்தம். மிதிபடும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. அவசரமில்லாத மிதி. அவருக்குப் பழகிய மிதி.

"இன்னும் ஒரு சக்கரம் இருக்குல்ல?"

காருக்குள்ளிருந்துதான். தொண்டையில் தண்ணீர் நிற்கிற குரல். பயம் வருவதற்கு முன்னால் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்டு ஒன்பது மாதம்.

"அப்பா." இது மகளின் குரல். "அம்மா எந்தச் சக்கரத்தைச் சொல்றாங்க?"

தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கலைமகளின் கால்கள் இரண்டும் சீட்டின்மேல் மடங்கியிருந்தன. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெடலின்மேல் ஒரு கால். ஊறி வெளுத்த கால். மெட்டியில் பாசி.

திருகு இறுகித்தான் இருந்தது. பெடல் தரைக்குப் போய்க்கொண்டே இருந்தது.