மாயாண்டிக்கு மறுத்த துண்டு

1986, தை மாதம். இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாயாண்டியைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தபோது நல்ல பகல்தான். பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. அனுராதபுரத்துப் பக்கம் வயல் வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவன். தாதி ஜோசப்பின் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து கட்டையாக விறைத்திருந்தது. பெற்ற மகளையே யாரென்று கேட்டான்.

“ஐயா, இது மூளைக்காய்ச்சலுங்க. அந்தப் பக்கம் பரவுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. வயல் தண்ணிக் கொசு பன்னியக் கடிச்சிட்டு மனுசனையும் கடிக்குமாம். துண்டு எழுதுங்க, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்.”

டிஸ்பென்சர் சூசைரட்ணம் துண்டு எழுதிக் கொடுக்காமல் தோட்டத்து லொறி நோயாளியை ஏற்றாது. அவரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்.

“கீழ்நாட்டுக் காய்ச்சல்னா மலேரியாதான். மாத்திரையக் குடு.”

கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு வாய் வலித்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு. மூன்றாம் நாள் வலிப்பு வந்து மாயாண்டி செத்தான். ஜோசப்பினுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

எட்டாம் நாள், அவனோடு வயலுக்குப் போன மைத்துனன் பழனியாண்டியைக் கொண்டுவந்தார்கள். அதே காய்ச்சல். அதே கழுத்து.

“மலேரியா,” என்றார் சூசைரட்ணம், தலை நிமிராமலே.

இன்னொரு உயிரும் போகப்போகிறதே! அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. வெயிலில் புழுங்கும் வயல்சேற்று வாடை.

மாயாண்டி கிடந்த காலிக் கட்டில் கிறீச்சிட்டது.

மெத்தை அமுங்கி, யாரோ எழுந்ததுபோல் மெல்ல உப்பியது.

சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாக ஈரக் காலடிகள் விழுந்தன. சூசைரட்ணத்தின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

“ஜோசப்பின்... பின்னால யாரு?”

“யாருமில்லீங்க ஐயா,” என்று கிசுகிசுத்தாள். “துண்ட எழுதுங்க.”

திரும்பிப் பார்க்காமலே எழுதினார். லொறி புறப்பட்டதும் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் தோட்டத்துக்குப் புதிதாக வந்த டிரைவர் அழகன் வந்தான். “சேத்தாச்சு மிஸ்ஸி. நேரத்தோட கொண்டாந்ததால பொழைச்சுக்குவான்னு டொக்டர் சொன்னாரு.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

“கூட வந்தவரும் என்னோடயே திரும்பிட்டாரு.”

“கூட யாரையும் அனுப்பலியே?”

“முன்சீட்டுல இருந்தாரே! வாயே தொறக்கல. டிஸ்பென்சர் ஐயா வீட்டுக்கிட்ட கையக் காட்டி நிறுத்தச் சொன்னாரு. எறங்கி உள்ள போய்ட்டாரு.” அழகன் குரலைத் தாழ்த்தினான். “பூட்டின கதவு மிஸ்ஸி. தட்டக்கூட இல்ல.”