மெத்தை மாமாவும் கடைசி சீட்டும்

"மாமா, நீங்க அந்தக் கடைசி சீட்டுல ஏறி உட்காருங்க!"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தக் கார் ஷோரூம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. என் குரல் எதிர்ச் சுவர்வரை போய் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

அம்மா என் தோளைக் கிள்ளினாள். காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தாள். தலை பின்னும்போது ஒரு முறை. செருப்பு மாட்டும்போது ஒரு முறை. கண்ணாடிக் கதவருகே ஒரு முறை.

"அங்க வந்து எதை வேணாலும் பேசு. அந்தக் கடைசி சீட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. மாமா நமக்கு எவ்வளவோ செய்றார்."

மாமா நிறையச் செய்கிறார், உண்மைதான். அம்மாவும் மாமாவுக்கு நிறையச் செய்கிறாள். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அதனால் ஊருக்கே அவர் 'மெத்தை மாமா'தான். அம்மா அவர் கடையில் மெத்தை உறை தைக்கிறாள். நான்கு வருடமாக, மாதம் ஒரு முறை, மலைமேல் இருக்கும் மாமாவின் இரண்டாவது கடைக்கு எல்லோரும் காரில் போவோம். ஐந்து மணி நேரப் பயணம். மாமா ஓட்டுவார். அவர் பக்கத்தில் அத்தை. நடு வரிசையில் அவர்களுடைய இரட்டையர்கள், பெரியவனும் சின்னவனும். இருவருக்கும் ஆறு நிமிடம்தான் வித்தியாசம். அதற்கே பெரியவன் பண்ணும் அலட்டல் தாங்காது.

கடைசி வரிசையில் அம்மாவும் நானும்.

பழைய கார் படுத்துவிட்டது. அதனால்தான் புதிய கார். அதுவும் மூன்று வரிசை வைத்த பெரிய சொகுசுக் கார். முத்து வெள்ளையில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று. இரண்டில் எது? வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு.

வெள்ளைக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி. அதைப் பார்த்ததும் அத்தையும் இரட்டையர்களும் கவிழ்ந்துவிட்டார்கள். நீலத்தை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை.

மாமாவோ எந்த சீட்டிலும் உட்கார்ந்து பார்க்க மாட்டார். கட்டைவிரலால் ஓர் அழுத்து. கண்ணை மூடி ஒரு "ம்ம்ம்". முடிந்தது சோதனை. இருபது வருடமாக மெத்தைப் பஞ்சை அப்படித்தான் சோதிக்கிறார். "என் கட்டைவிரல் பொய் சொல்லாது" என்பார். வெள்ளைக் காரின் எல்லா சீட்டையும் அழுத்தியாகிவிட்டது. கடைசி வரிசையைப் பின்கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே அழுத்தினார்.

"அப்ப வெள்ளைதான். எப்படியும் பத்து வருஷத்துக்கு இதுதான் நம்ம வண்டி" என்றார்.

பத்து வருடம்! எனக்கு இப்போது வயதே பத்து.

காரில் ஏறியதும் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். "பாரு, சாய்ஞ்ச உடனே தூக்கம்!" என்று மாமா சிரிப்பார். 'தூங்குமூஞ்சி அத்தை' என்று இரட்டையர்கள் பாட்டே கட்டியிருக்கிறார்கள். ஆனால் அம்மா தூங்குவதில்லை. தூங்குகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள். அவள் கைப்பையில் நான்காக மடித்த பிளாஸ்டிக் பை ஒன்று எப்போதும் இருக்கும். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

அதனால்தான் என் வாய் திறந்துகொண்டது.

"அட வாயாடி!" மாமா சிரித்தார். "அதான் அழுத்திப் பார்த்தாச்சே. மெத்து மெத்துன்னு இருக்கு."

"அழுத்தினது உங்க விரல். உட்காரப் போறது விரல் இல்லையே மாமா?"

டை கட்டியிருந்த விற்பனைக்கார அண்ணன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"நம்ம கடைக்கு ஒருத்தர் வந்து, மெத்தையை விரலால அமுக்கிட்டு 'கட்டிக் குடுங்க'ன்னா, நீங்க என்ன சொல்வீங்க மாமா?"

மாமா எப்போதும் சொல்வது கடைச் சுவரிலேயே தொங்குகிறது. அம்மாதான் அதைத் துணியில் தைத்துக் கொடுத்தாள்.

"'படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்!'" என்று பெரியவன் கத்தினான்.

"டேய், நீ யார் பக்கம்?"

"சுவர்ல இருக்கிறதைத்தான்பா சொன்னேன்!"

மாமா பெருமூச்சு விட்டார். வயிற்றை உள்ளே இழுத்தார். ஏறினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டினார்.

"பாத்தியா? ராஜா மாதிரி இருக்கேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே உண்மையிலேயே நிறைய இடம் இருந்தது. எப்படி? அப்புறம்தான் நடு வரிசையைப் பார்த்தேன். அந்த இரண்டு சீட்டும் முன்சீட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பூனைகூட அங்கே கால் வைக்க முடியாது.

"அண்ணா, நடு சீட்டை ஏன் இவ்வளவு முன்னாடி தள்ளி வச்சிருக்கீங்க?"

விற்பனைக்கார அண்ணன் டையைச் சரிசெய்தார். "அது… பார்வைக்கும்மா. பின்னாடி இடம் பெருசா இருக்கிற மாதிரி…"

"ஓ" என்றேன். "டேய், ரெண்டு பேரும் ஏறுங்க. மலைக்குப் போறப்ப எப்படி உட்காருவீங்களோ அப்படியே உட்காருங்க."

இரட்டையர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தாவி ஏறினார்கள். சீட்டைப் பின்னால் தள்ளினார்கள். டக். டக். சாய்த்தார்கள். டக். டக். மாமாவின் முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்துவிட்டன.

"டேய்! பின்னாடி அப்பா இருக்கேன்டா!"

"தெரியும்பா. எப்பவும் இப்படித்தான் உட்காருவோம்."

"அஞ்சே நிமிஷம் மாமா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். "அஞ்சு மணி நேரமெல்லாம் கேட்கலை."

முதல் நிமிடம் மாமா எங்களுக்குக் கையசைத்தார். இரண்டாவது நிமிடம் நெற்றியைத் துடைத்தார். விற்பனைக்கார அண்ணன் முன்பக்கம் போய் ஏசியைப் போட்டார்.

"காத்து எங்கப்பா?" என்றார் மாமா, உள்ளேயிருந்து.

"இந்த வண்டியில கடைசி வரிசைக்குன்னு தனியா கிடையாது சார்."

மூன்றாவது நிமிடம் மாமா ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அது திறக்கிற ஜன்னலே இல்லை.

"போதும், நான் இறங்கறேன்!"

"சின்னவன் தூங்கறானே மாமா" என்றேன்.

சின்னவன் உடனே 'கொர்ர்' என்று குறட்டை விட்டான். நடிப்பென்றால் அவனுக்கு உயிர்.

"அவனை எழுப்பி, சீட்டை மடக்கினாத்தான் இறங்க வழி. அம்மா எழுப்ப மாட்டா. எவ்வளவு முடியலைன்னாலும், 'புள்ள தூங்கட்டும்'னு அப்படியே இருப்பா."

சின்னவனின் குறட்டை நின்றுவிட்டது. அவன் தலையைத் திருப்பி என் அம்மாவைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் இறங்கி, தானே சீட்டை மடக்கினான்.

மடக்கியும் மாமாவால் வெளியே வர முடியவில்லை. பாதி வந்தார், மாட்டிக்கொண்டார். ஒரு கையை அத்தை இழுத்தாள். இன்னொரு கையை அண்ணன் இழுத்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து நீலக் காருக்கு அடியில் ஓடியது. அதன் பின்னால் மாமாவும் வந்து விழுந்தார்.

எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"நீ தூங்கறேன்னுல்ல நெனச்சேன்?"

அம்மா தரையைப் பார்த்தாள். "கண்ணைத் திறந்தா குமட்டும் அண்ணே. மூடிக்கிட்டா கொஞ்சம் தேவலை."

"நாலு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? எங்களையும் கூட்டிட்டுப் போறீங்களே, அதுவே பெருசு."

மாமா தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது அவரை நன்றாக ஏமாற்றிவிட்டதைப் போல.

"நீலத்துல நடு சீட்டு ரெண்டுக்கும் நடுவுல நடந்து போக வழி இருக்கு மாமா" என்றேன். "யாரையும் எழுப்ப வேண்டாம். பின்னாடியும் காத்து வர்ற ஓட்டை இருக்கு. நீங்கள்லாம் கண்ணாடிக் கூரையைப் பார்த்துட்டு இருந்தப்ப நான் ஏறிப் பார்த்துட்டேன்."

"ஆனா அந்தக் கூரை…" அத்தை இழுத்தாள். "ராத்திரி நட்சத்திரமெல்லாம் தெரியுமே. மாசத்துல ஒரு நாள் போறதுக்காக அதை விடறதா?"

அத்தை கெட்டவள் இல்லை. என் பிறந்தநாளை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்கிறவள் அவள்தான். கடைசி சீட்டில் ஒருநாளும் உட்காராதவள், அவ்வளவுதான்.

மாமா வெள்ளையைப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சரி, யோசிப்போம்…"

பெரியவர்கள் யோசிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க யோசிங்க மாமா. உங்க வண்டி, உங்க இஷ்டம். வெள்ளையை வாங்கினாலும் எனக்குக் கோபம் இல்லை, நிஜமா. ஆனா அம்மா இனிமே அந்த மாதிரி சீட்டுல உட்கார மாட்டா. வெள்ளைன்னா நாங்க ரயில்ல வந்துடறோம். காலையில ஆறரைக்கு மலைக்கு ஒரு ரயில் இருக்கு. அதுல ஜன்னல் திறக்கும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"என் ஃப்ரெண்டோட அப்பா ஸ்டேஷன்லதான் டிக்கெட் குடுக்கறார். போன வாரமே கேட்டு வச்சுட்டேன்."

அம்மா கிள்ளுவாள் என்று தோளைத் தயாராக வைத்திருந்தேன். கிள்ளவில்லை. அவள் கை வந்து என் கையைப் பிடித்தது. மலைப்பாதையில் பிடிப்பதுபோல் இறுக்கமாக இல்லை. சும்மா, லேசாக.

"வர்றோம் அண்ணே. வர்றோம் அண்ணி" என்றாள்.

இருவரும் கதவை நோக்கி நடந்தோம்.

"தம்பி, அந்த நீல வண்டியைத் திறங்க" என்று பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "கடைசி வரிசைக்கு முதல்ல நீ ஏறு."

"நானா?" இது அத்தை.

"நீதான். நம்ம சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

"அம்மாவுக்கு அப்புறம் நான்!" என்று சின்னவன் கத்தினான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளையோ நீலமோ, அது இனி அவர்கள் பாடு.

கண்ணாடிக் கதவருகே ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அம்மா நின்றாள். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து உள்ளே போட்டாள்.

"அந்த சீட்டைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஆமாம்மா, சொன்னே."

"ம்." கைப்பையை மூடினாள். "அந்த ஆறரை மணி ரயில்ல ஜன்னல் பக்கம் யாருக்கு?"

"உனக்குத்தான்!"

கதவைத் தள்ளித் திறந்தேன். வெளியே நல்ல காற்று. இரண்டு பேரும் கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு நடந்தோம்.